கோடை டீசல்

கய்வோலம்பி, 26 செப்டம்பர் 1971

கலெர்வோ,

ஊரிலிருந்து வேறு யாராவது எழுதி உனக்குத் தெரியவருவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். கார் வாங்கிவிட்டேன். டீசல். பத்து வருஷப் பழசு. கயானியில் டாக்ஸி ஓட்டினாரே வில்யோ, அவருக்கு முதுகு போய்விட்டது. அவருடைய கறுப்பு வண்டிதான்.

நீ என்ன நினைப்பாய் என்று தெரியும். "பஸ்ஸுல ஏறச் சொன்னா ஏறல, இப்ப காரு கேக்குதோ இவளுக்கு" என்று நினைப்பாய். ஆமாம், ஏறவில்லை. உன்னோடு ஸ்வீடன் வருவதற்குத்தான் பெட்டி கட்டினேன், நிறுத்தம் வரைக்கும் வந்தேன். கதவு திறந்தபோது கால் நகரவில்லை. அதற்குத் தண்டனையாக முகவரி மட்டும் எழுதிய ஒரு அட்டையை அனுப்பிவிட்டு மௌனமாக இருக்கிறாய். இரு. நானும் அழுத்தக்காரிதான்.

பண்ணை பண்ணையாகப் போய் ஒவ்வொரு பசுவின் பாலையும் அளந்து கொழுப்புப் பார்ப்பது என் வேலை. உனக்கு அது வேலையாகத் தெரியாமல் இருக்கலாம். நீ வேலை பார்த்த டிராக்டர் கராஜ் இருந்தவரை அதன் வேனில் நீ கொண்டுபோய் விட்டாய். கராஜை மூடினார்கள், வேன் போயிற்று, பின்னாலேயே நீயும் போனாய். சாம்பிள் புட்டிகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு பனியில் போக என்னால் முடியாது. வேலையை விடுவதா, வண்டி வாங்குவதா என்று வந்தது, வாங்கிவிட்டேன்.

வில்யோ நல்ல மனிதர். "இன்ஜினத் தொட்டுப் பாருங்க, சில்லுன்னு இருக்கும். வாங்க வர்றவங்களுக்காக முன்கூட்டியே சூடு பண்ணி வைக்கிற ஆளு நான் இல்ல" என்றார். தொட்டேன், சில்லென்றுதான் இருந்தது. "இது ஓடுன ஓட்டத்துக்கு நிலாவுக்கே போய்த் திரும்பியிருக்கலாம். இன்னொருவாட்டி போகும்" என்றார். காலையில் கிளப்பும்போது வெள்ளைப் புகை வருகிறது. அது சரியா, தப்பா? இதற்கு மட்டும் பதில் எழுது. மற்றதற்கு வேண்டாம்.

சைமி


கோத்தன்பர்க், 4 அக்டோபர் 1971

சைமி,

மற்றதற்கு எழுதவில்லை.

வெள்ளைப் புகை கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டால் சரி. கறுப்புப் புகை வந்தால் நீ அவசரப்படுகிறாய் என்று அர்த்தம். நீலப் புகை வந்தால் வில்யோ வீட்டு வாசலில் வண்டியை விட்டுவிட்டு நடந்து வா.

கிளப்பும்போது குமிழைப் பாதி இழுத்துப் பிடித்துக்கொள். டாஷ்போர்டில் ஒரு கம்பிச் சுருள் இருக்கும், அது நன்றாகச் சிவக்கும் வரை பொறு. அதற்கப்புறம் முழுக்க இழு. உனக்குப் பொறுமை கிடையாது என்று எனக்குத் தெரியும். பொறு. பெட்ரோல் வண்டியைப் போல இதை மிரட்ட முடியாது.

ஆயிலை மாற்றிய மறுநாளே அது தார் போல ஆகிவிடும். ஏமாற்றிவிட்டார்கள் என்று கடைக்காரனோடு சண்டைக்குப் போகாதே, டீசலில் அப்படித்தான். வண்டிக்கு அடியில் கிரீஸ் வைக்கும் முனைகள் நிறைய இருக்கும். டாக்ஸிக்காரர்கள் கைக்கு எட்டுவதற்கு மட்டும் வைப்பார்கள். எட்டாததைத் தேடி வை. தரை விரிப்பைத் தூக்கி ஸ்க்ரூடிரைவரால் தகரத்தைக் குத்திப் பார்த்தாயா? பார்த்திருக்க மாட்டாய். வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியது அதுதான்.

இங்கே குறையில்லை. குழாயைத் திறந்தால் வெந்நீர். நீயும் வந்திருந்தால் சமையலறையோடு வீடு கொடுத்திருப்பார்கள். இப்போது ஓலவி என்ற ஒருவனோடு ஒரே அறையில் கிடக்கிறேன்.

கலெர்வோ


கய்வோலம்பி, 17 அக்டோபர் 1971

கலெர்வோ,

குத்திப் பார்த்தேன். ஸ்க்ரூடிரைவர் கைப்பிடி வரை போய்விட்டது. விரிப்பைத் தூக்கினால் உள்ளே உட்கார்ந்துகொண்டே ரோட்டைப் பார்க்கலாம். நீ இருந்திருந்தால் எனக்கு இந்தக் காட்சி கிடைத்திருக்காது, வண்டியும் கிடைத்திருக்காது. ஏதாவது குறை கண்டுபிடித்து என்னைத் திருப்பி அழைத்து வந்திருப்பாய்.

கிரீஸ் முழுவதும் வைத்துவிட்டேன், எட்டாததற்கும். ஹுவோவினென் பண்ணை முற்றத்தில் சாக்கு விரித்து அடியில் படுத்திருந்தேன். அந்த வீட்டம்மா வந்து குனிந்து பார்த்தாள். "ஏம்மா, இத்தன நாளா பசுவுக்கு அடியில உக்காந்திருந்த, இப்ப காருக்கு அடியிலயும் போய்ட்டியா? எவ்வளவு கறக்குது?" என்றாள். "நல்லா கறக்குது, கொழுப்புதான் ஜாஸ்தி" என்று கிரீஸ் கையைக் காட்டினேன். அன்று இரண்டு தடவை காபி கொடுத்தாள். தலைமுடியிலிருந்து கிரீஸ் போக மூன்று நாள் ஆயிற்று.

வெந்நீர் என்று எழுதினாய். நம் சானாக் குளியலறையிலும் வெந்நீர் வரும், விறகு வைத்தால். ஒருத்திக்காக அவ்வளவு விறகை எரிக்க மனசு வரவில்லை. சனிக்கிழமைகளில் பக்கத்து வீட்டுக்குப் போகிறேன்.

ஓட்டைக்கு என்ன செய்ய?

சைமி


கோத்தன்பர்க், 28 அக்டோபர் 1971

சைமி,

துருவைச் சுரண்டி நல்ல தகரம் தெரியும் வரை வெட்டிவிட்டு, மேலே புதுத் தகரம் வைத்து வெல்டிங் செய்யச் சொல். வெறுமனே தார் பூசி மூடினால் உள்ளே அழுகிக்கொண்டே போகும். டீசல் தொட்டியும் குழாயும் எந்தப் பக்கம் போகின்றன என்று முதலில் பார்க்கச் சொல். வெல்டிங் வைக்கும்போது நீ பக்கத்தில் நிற்காதே.

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்துவிட்டேன். ஓலவி பார்த்துவிட்டான். "என்னடா, பொண்டாட்டி எழுதினதா, கராஜ்லருந்து வந்த பில்லா? பில்லப் பாத்து எவனும் சிரிக்க மாட்டான்" என்றான். அவன் ஒரு வாயாடி.

நான் இங்கே என்ன செய்கிறேன் என்று நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். கார் தொழிற்சாலை என்று பெயர். என் முன்னால் வலது முன்கதவு வரும், கீல் வைத்து முடுக்குவேன். அடுத்த வலது முன்கதவு வரும். நான் இடது கதவைத் தொட்டதே கிடையாது. முழு வண்டி எப்படி இருக்கும் என்று வெளியே தெருவில்தான் பார்க்கிறேன்.

ஒன்று கவனித்தேன். நான் எழுதும் ஒவ்வொரு பக்கத்தாலும் உன் வண்டி இன்னும் கொஞ்ச நாள் கூடுதலாக ஓடுகிறது. வண்டி ஓடினால் நீ அங்கேயே இருந்துவிடுவாய். எனக்கான குழியை நானே மண்வெட்டி எடுத்துத் தோண்டிக்கொண்டிருக்கிறேன். ஆகவே இனி வண்டியைப் பற்றி எழுதுவதாக இல்லை.

கோளாறு வந்தால் மட்டும் சொல். கடுங்குளிர் பிடிப்பதற்குள் டீசலைப் பற்றியும் ஒரு விஷயம் சொல்ல வேண்டும், அப்புறம் எழுதுகிறேன்.

கலெர்வோ


கய்வோலம்பி, 14 நவம்பர் 1971

கலெர்வோ,

கோளாறு வந்துவிட்டது. நேற்று ஏரிக்கரை மேட்டில் வண்டி இரண்டு தடவை தும்மியது. வீட்டுக்கு வந்து ஸ்பார்க் பிளக் நாலையும் கழற்றித் துடைத்து மாட்டினேன். மூன்றாவதில் ஏகப்பட்ட கரி. மேற்கொண்டு என்ன செய்யலாம்? விவரமாக எழுது. போன தடவை போல ஒன்றரைப் பக்கத்தில் முடித்துவிடாதே.

பனி விழுந்துவிட்டது. ஓட்டையை அடைத்தாகிவிட்டது, கால் குளிரவில்லை.

சைமி


கோத்தன்பர்க், 23 நவம்பர் 1971

அன்புள்ள சைமி,

டீசல் வண்டியில் ஸ்பார்க் பிளக் கிடையாது. மருந்துக்குக்கூடக் கிடையாது. பத்து வருஷம் என் டிராக்டர்களுக்குப் பக்கத்தில் நின்று விளக்குப் பிடித்தவளுக்கு இது தெரியாதா? அப்படியானால் நீ கழற்றித் துடைத்தது எதை என்று இரண்டு ஷிப்டு முழுக்க யோசித்தேன். கீல் முடுக்கும்போது சிரித்து, மேஸ்திரியிடம் திட்டும் வாங்கினேன். அவர் ஸ்வீடிஷில் திட்டியதால் பாதிதான் வலித்தது.

சரி. இல்லாத பிளக்குக்கு வைத்தியம் சொல்கிறேன். மூன்றாவதை மோரில் ஊறவைத்து, கம்பளித் துணியால் துடைத்து, தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கு. காலையில் எப்படி இருக்கிறது என்று எழுது. விவரமாக எழுது.

போன கடிதத்தில் "இனி எழுதுவதாக இல்லை" என்று எழுதியது நான்தான். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடு.

கலெர்வோ


கய்வோலம்பி, 8 டிசம்பர் 1971

என் கலெர்வோவுக்கு,

மோர் வைத்தியம் பலித்தது. பிளக் பளபளக்கிறது. தலையணைதான் நாறுகிறது.

இப்போது வேறு கோளாறு. சத்தியமாகச் சொல்கிறேன், விளையாட்டில்லை. எனக்குப் பக்கத்து இருக்கை காலியாக இருக்கும்போது வண்டி என் பக்கமாகவே சாய்ந்து ஓடுகிறது. டயரில் காற்றுப் பார்த்தேன், சரியாக இருக்கிறது. ஸ்ப்ரிங்கையும் பார்த்தேன். அந்தப் பக்கம் சுமார் எண்பது கிலோ குறைகிறது. கிறிஸ்துமஸுக்குள் அந்த உதிரி பாகம் அங்கிருந்து வருமா?

சைமி


கோத்தன்பர்க், 18 டிசம்பர் 1971

அன்புள்ள சைமி,

அந்த உதிரி பாகம் கிறிஸ்துமஸுக்கு வராது. விடுமுறை கொஞ்ச நாள்தான். படகும் ரயிலும் பஸ்ஸுமாக உன் வாசலைத் தொட்டதும் திரும்ப வேண்டியிருக்கும். வந்துவிட்டு மறுபடி அந்த பஸ்ஸில் ஏற என்னால் முடியுமென்று தோன்றவில்லை. வராததற்கு நிஜமான காரணம் அதுதான்.

அது வரும்வரை இருக்கையில் உருளைக்கிழங்கு மூட்டை ஒன்றை வை. எடை சரியாக இருக்கும். அது பேசாது என்று கவலைப்படாதே. நானும் பெரிதாக ஒன்றும் பேசியதில்லை.

ஓலவி ஊருக்குப் போய்விட்டான். அறை முழுக்க அமைதி. உன் கடிதங்கள் எல்லாவற்றையும் வரிசையாக வைத்துப் படித்தேன். ஒரு முழு வண்டி கிடைத்தது.

கலெர்வோ


கய்வோலம்பி, 9 ஜனவரி 1972

என் கலெர்வோவுக்கு,

மூட்டை நன்றாகத்தான் உட்கார்ந்திருந்தது. ஆனால் மூன்றாம் நாளே உறைந்துபோயிற்று. நீ உறையமாட்டாய் என்று நம்புகிறேன்.

இன்னொரு கோளாறு. வாரத் தொடக்கத்திலிருந்து வண்டிக்கு மூச்சு வாங்குகிறது. வீட்டில் நன்றாகக் கிளம்புகிறது. கொஞ்ச தூரம் போனதும் சோர்ந்துபோய், அழுத்த அழுத்த வேகம் குறைந்து, நின்றேவிடுகிறது. கொஞ்சம் இளைப்பாறவிட்டால் ஒன்றுமே நடக்காதது போல மறுபடி கிளம்புகிறது. நேற்று இப்படி மூன்று தடவை. சத்தியமாகச் சொல்கிறேன். என்னவாக இருக்கும்? சீக்கிரம் எழுது, மாதக் கடைசியில் ஏரிக்கு அந்தப் பக்கத்துப் பண்ணைகளுக்குப் போக வேண்டும்.

குளிர் அதிகமாகிவிட்டது. மூக்குக்குள் முடி ஒட்டிக்கொள்கிறது.

சைமி


கோத்தன்பர்க், 17 ஜனவரி 1972

அன்புள்ள சைமி,

மூச்சு வாங்குகிறதா? எனக்கும்தான் வாங்குகிறது. உன் கடிதம் வரும் நாளில் மாடிப்படி ஏறினால் அப்படித்தான் ஆகும். இரண்டு பேருக்கும் ஒரே வியாதி, ஒரே மருந்து.

வண்டி நின்றால் திட்டாதே, பாட்டுப் பாடு. சோகப் பாட்டு வேண்டாம், துள்ளலாக ஏதாவது. இரண்டு சரணத்துக்குள் கிளம்பிவிடும். கிளம்பாவிட்டால் உனக்குச் சுருதி சேரவில்லை என்று அர்த்தம்.

அடுத்த கோளாறுக்குக் காத்திருக்கிறேன்.

உன் கலெர்வோ


கோத்தன்பர்க், 2 பிப்ரவரி 1972

சைமி,

கடிதம் வரவில்லை. இதற்குள் வந்திருக்க வேண்டும்.

இன்று காலை இங்கேயும் கடுங்குளிர். தொழிற்சாலை வாசலில் ஒரு லாரி நின்றுகொண்டிருந்தது. நம்மூர்ப் பையன்தான் டிரைவர். டீசல் ஃபில்டரைக் கழற்றிக் காட்டினான். உள்ளே மெழுகுவர்த்தியை உருக்கி ஊற்றியது போல இருந்தது. "கெளம்புச்சு, ஓடுச்சு, மூச்சு வாங்கி நின்னுச்சு. கொஞ்ச நேரம் விட்டா இன்ஜின் சூட்டுல உருகி மறுபடி கெளம்புது. எவனோ கோடை டீசல ஊத்திவிட்டிருக்கான், குளிர்ல அது மெழுகா ஒறஞ்சிடும்" என்றான்.

அவன் சொல்லி முடித்ததும் அறைக்கு ஓடிப்போய் உன் ஜனவரிக் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். நீ எழுதிய அதே வார்த்தைகள். அது நிஜம், இல்லையா? நீ நிஜமாகவே கேட்டிருக்கிறாய்.

சைமி, வண்டியை எடுக்காதே. எங்கே டீசல் ஊற்றினாய்? தொட்டியில் இருப்பதைக் காலி செய். குளிர்கால டீசல் கிடைக்காவிட்டால் மண்ணெண்ணெய் கலந்து ஊற்று. ஃபில்டரைச் சூடான அறையில் வைத்து உருக்கு. இதைத்தான் அக்டோபரில் அப்புறம் எழுதுகிறேன் என்றேன். எழுதவே இல்லை. மோரும் உருளைக்கிழங்கும் எழுதினேன். தும்பை விட்டுவிட்டு வாலைப் பிடித்துக்கொண்டு சிரித்திருக்கிறேன்.

ஊர்க் கடைக்குப் போன் போட்டேன், யாரும் எடுக்கவில்லை. நாளை மறுபடி போடுவேன். ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

கலெர்வோ


கயானி ஆஸ்பத்திரி, 5 பிப்ரவரி 1972

கலெர்வோ,

கடையில் சொல்லியிருப்பார்கள், நீ போனில் அழுதாய் என்று இங்கே வந்து எனக்கும் சொன்னார்கள். உயிரோடு இருக்கிறேன். இடது காலில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள், சின்ன விரலும் அதற்கு அடுத்ததும். காய்ச்சலில் கிடந்ததால் இதுவரை எழுத முடியவில்லை.

ஏரிக்கு அந்தப் பக்கம் போய்த் திரும்பும்போது காட்டு ரோட்டில் வண்டி நின்றது. இளைப்பாறவிட்டேன், கிளம்பியது. மறுபடி நின்றது, அதற்கப்புறம் கிளம்பவில்லை. தொழுவத்தில் நனைந்த பூட்ஸ் டிக்கியில் கல்லாகக் கிடந்தது, காலில் இருந்தது தோல் ஷூ. உட்கார்ந்திருந்தால் உறைந்துவிடுவேன் என்று இறங்கி நடந்தேன்.

நீ பாட்டுப் பாடச் சொல்லியிருந்தாய். பாடினேன். வண்டிக்காக இல்லை, நடந்துகொண்டே தூங்கிவிடக் கூடாதென்று. தெரிந்த எல்லாப் பாட்டும் தீர்ந்துபோய், ஜெபப் புத்தகத்தில் இருப்பதையும் பாடினேன். ஹுவோவினென் வீட்டு நாய்தான் முதலில் கேட்டது. வீட்டுக்காரர் ஓடி வந்து பழைய வழக்கப்படி பனியை அள்ளிக் காலில் தேய்க்கப் பார்த்தார். "பனியால வந்ததுக்குப் பனியேவா? போங்க அந்தப் பக்கம்!" என்று கத்தினேனாம், எனக்கு ஞாபகமில்லை. அவருடைய பீப்பாயிலிருந்துதான் டிசம்பர் கடைசியில் டீசல் ஊற்றிக்கொண்டேன். டிராக்டருக்கென்று கோடையில் வாங்கி வைத்தது. குளிர்காலத்தில் அவருக்குக் குதிரைதான். "டீசல்னா டீசல்தானம்மா" என்றார், எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இப்போது மனிதர் தினமும் வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

உன்மேல் கோபம் வந்தது. காட்டு ரோட்டில் உன்னைக் கன்னாபின்னாவென்று திட்டினேன். ஆனால் பொய்க் கோளாறு சொல்லி உன்னைப் பழக்கியது யார்? நான்தான். வண்டி நன்றாக ஓடினால் நீ எழுதமாட்டாய் என்று பயந்தேன், கலெர்வோ. அவ்வளவுதான் விஷயம். நேராகக் கேட்க வாய் வரவில்லை.

கிளச்சை மிதிக்கும் கால்தான் போனது. கோடை வரை மிதிக்கக் கூடாதென்று டாக்டர் சொல்கிறார். பால் சங்கத்தில் என் வேலையை வேறொருத்திக்குக் கொடுக்கப் போகிறார்கள். வண்டியை விற்றுவிடச் சொல்கிறேன். நீ ஜெயித்துவிட்டாய். நடக்க முடிந்ததும் கோத்தன்பர்க் வருகிறேன். சமையலறையோடு வீடு கேட்டு வை.

சைமி


கோத்தன்பர்க், 12 பிப்ரவரி 1972

சைமி,

வண்டியை விற்காதே. வராதே. நான் வருகிறேன்.

மேஸ்திரியிடம் சொல்லிவிட்டேன். மாதக் கடைசியோடு கணக்கு முடிகிறது. ஓலவி, "பைத்தியமாடா உனக்கு? அங்க போய் என்ன பண்ணுவ?" என்றான். "டிரைவர் வேல" என்றேன். "யாருக்கு?" "என் பொண்டாட்டிக்கு." வெகுநேரம் சிரித்தான். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, தன் மனைவிக்குக் கடிதம் எழுத என்னிடம் காகிதம் கேட்டான்.

பால் சங்கத்துக்கு எழுதிப்போட்டுவிட்டேன். பாலை அளப்பது கை, கிளச்சை மிதிப்பதுதான் கால், அந்தக் காலை நான் கொண்டுவருகிறேன் என்று எழுதினேன். வேலையை யாருக்கும் கொடுக்கமாட்டார்கள், பார். காலையில் நான் வண்டியைக் கிளப்புவேன். நீ தொழுவத்துக்குள் அளந்துகொண்டிருக்கும்போது வெளியே பானெட்டைப் போர்வையால் மூடிவிட்டு உட்கார்ந்திருப்பேன். ஊர் சிரிக்கும். சிரிக்கட்டும். இங்கே வலது கதவைப் பார்த்து நான் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை.

நீ தோற்று இங்கே வருவதை நான் வெகுநாள் ஆசைப்பட்டேன். உன் கடிதத்தில் அதைப் படித்தபோது அது எனக்கு வேண்டியதே இல்லை என்று தெரிந்துபோயிற்று.

உன் கலெர்வோ


கயானி ஆஸ்பத்திரி, 19 பிப்ரவரி 1972

என் கலெர்வோவுக்கு,

சங்கத்திலிருந்து ஒருவர் வந்தார். உன் கடிதத்தைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார்களாம். "காலக் கொண்டுவர்றேன்னு எழுதியிருக்காரும்மா உங்க வீட்டுக்காரரு, நாங்க எப்படி மாட்டேங்கிறது?" என்றார். வேலை எனக்கே. அடுத்த வாரம் வீட்டுக்குப் போகிறேன். வண்டியை ஹுவோவினென் குதிரை கட்டி இழுத்துத் தன் கொட்டகைக்குள் சேர்த்துவிட்டார்.

வா. ஆனால் எனக்கு ஒரு பயம் இருக்கிறது, நீ கிளம்புவதற்குள் சொல்லிவிடுகிறேன்.

பத்து வருஷம் ஒரே மேஜையில் சாப்பிட்டோம். அந்தப் பத்து வருஷத்தில் பேசாததை இந்த ஐந்து மாதத்தில் எழுதியிருக்கிறோம். என்னைக் கிறிஸ்துமஸுக்கு அழவைத்த கலெர்வோ காகிதத்தில் இருப்பவன். மேஜையில் இருந்தவன் "உப்பு" என்பான், "பனி வரும்" என்பான். நானும் லேசுப்பட்டவள் இல்லை, உம்மணாமூஞ்சி. நீ வந்து சட்டையை ஆணியில் மாட்டியதும் நாம் மறுபடியும் வாயை மூடிக்கொண்டுவிடுவோமோ?

இன்னொன்றும். என் காலைப் பார்த்துப் பரிதாபப்பட்டு வருகிறாய் என்றால், கால் ஆறியதும் உன் பரிதாபமும் தீர்ந்துவிடும். மறுபடி நீ பெட்டி கட்டுவாய். அதை இன்னொரு தடவை பார்க்க எனக்குத் தெம்பில்லை. கேட்டுவிட்டேன். நேராகவே கேட்டுவிட்டேன், பார்த்தாயா.

சைமி


ஸ்டாக்ஹோமிலிருந்து துர்க்கு போகும் படகில், 29 பிப்ரவரி 1972

அன்புள்ள சைமி,

உன் கடிதம் நான் பெட்டியைத் தூக்கும்போது வந்தது. பதிலைப் படகில் எழுதுகிறேன். சுற்றிலும் நம்மூர் ஆட்கள் சீட்டாடிக்கொண்டு சத்தம் போடுகிறார்கள். படகுக்கு அடியில் பனிக்கட்டி நொறுங்கிக்கொண்டே வருகிறது, மேஜை ஆடுகிறது, எழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான்.

நீ சொன்னது சரி. நான் வாயை மூடிக்கொண்டுதான் இருப்பேன். வழியெல்லாம் உன்னிடம் என்ன சொல்வதென்று ஒத்திகை பார்த்தேன். "வந்துட்டேன்" என்பதைத் தாண்டி ஒரு வார்த்தை வரவில்லை. உன்னைப் பார்த்ததும் அதுவும் வராது.

ஆகவே இந்தக் கடிதத்தைத் துர்க்குவில் தபாலில் போடுகிறேன். நான் முதலில் வந்துவிடுவேன், இது எனக்குப் பின்னால் வரும். தபால்காரர் கொண்டுவரும்போது நான் மேஜையில் உட்கார்ந்திருப்பேன், உனக்குப் பழக்கமான அந்த முகத்தோடு. நீ என்ன செய்கிறாய் என்றால், உறையை என் எதிரிலேயே பிரித்து, சத்தமாகப் படி. என் காது சிவக்கும். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன், கொட்டகைக்குப் போக எழுந்திருப்பேன். விடாதே. "உக்காருடா" என்று சொல். உட்காருவேன். கடைசி வரி வரை படி, நீ கேட்டதற்குப் பதில் அதில்தான் இருக்கிறது. படித்து முடித்ததும் உன் பங்குக்கு நீயும் ஏதாவது சொல்ல வேண்டும், அதற்குக் காகிதம் தரமாட்டேன்.

நான் உன் காலுக்காக வரவில்லை, வண்டிக்காகவும் வரவில்லை. கால் ஆறிய பிறகும் நான் போகமாட்டேன், சைமி.

கலெர்வோ